மாத முடிவில் உழைப்பது நான், பெயர் வாங்குவது மேலாளர்: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: "சென்னையில் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நாலரை ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாத முடிவு அறிக்கையை முழுவதும் தயாரிப்பது நான். மேலாளர் அதை இயக்குநர்கள் கூட்டத்தில் தன் வேலையாகக் காட்டுகிறார். கொள்முதல் பிரிவினர் பில்களைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு, சப்ளையருக்குப் பணம் போகாததற்கு என்மீது பழி போடுகிறார்கள். பக்கத்து மேசைக்காரர் நான் சொல்வதையெல்லாம் மேலாளரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இரவில் தூக்கம் இல்லை. ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்துவிடலாமா?"

கடிதத்தை இந்த மாதம் கொடுக்காதீர்கள். சகித்துக்கொண்டு கிடங்கள் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் அந்த இடத்தைவிட்டுப் போகத்தான் வேண்டியிருக்கலாம். ஆனால் தூக்கமில்லாத ஓர் இரவின் மறுநாள் காலையில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. நீண்ட காலம் மனிதவளப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோபத்தில் ராஜினாமா செய்தவர்களில் பலர் அடுத்த நிறுவனத்திலும் அதே மூன்று பேரைச் சந்தித்தார்கள். பெயர்கள் மட்டும் வேறாக இருந்தன.

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. கொள்முதல் பிரிவோடு நடப்பது ஒன்று, மேலாளர் செய்வது இன்னொன்று, பக்கத்து மேசைக்காரர் மூன்றாவது. இவற்றின் காரணங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. மூன்றும் ஒரே கோபமாகத் திரண்டுவிட்டதால்தான் அலுவலகமே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டதுபோலத் தோன்றுகிறது. மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். நீங்கள் செய்யும் வேலையும் உங்களுக்கு ஏற்படும் தடையும் வாய்ப்பேச்சிலேயே தங்கிவிடுகின்றன. எழுத்தில், தேதியோடு, பிறர் பார்க்கும் இடத்தில் அவை இல்லை. வாய்ப்பேச்சில் இருக்கும் ஒன்றை யார் வேண்டுமானாலும் தன் பக்கம் திருப்பிச் சொல்லலாம்.

கொள்முதல் பிரிவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றில் விரைவாகத் தீரக்கூடியது அதுதான். அந்தச் சண்டை உங்களுக்கும் அங்கே இருக்கும் ஒருவருக்கும் இடையே நடப்பதன்று, இரண்டு நாற்காலிகளுக்கு இடையே நடப்பது. கொள்முதல் அதிகாரியின் நல்ல பெயர், உற்பத்தி நிற்காமல் பொருள் வந்து சேர்வதில் இருக்கிறது. அதற்குச் சப்ளையரின் நல்லெண்ணம் வேண்டும், நல்லெண்ணத்துக்குப் பணம் நேரத்துக்குப் போக வேண்டும். உங்கள் நாற்காலியை ஆள்வது தேதிகள். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிறருக்குக் கொடுக்கும் பணத்தில் பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்), 15க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் படிவம்). நடுவில் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல் வருகிறது. சப்ளையர் தன் பில்லைத் தன் கணக்கில் நேரத்துக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அது 2பியில் வராது. வராவிட்டால் அந்த மாதம் உள்ளீட்டு வரியை (பொருள் வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை) கழித்துக்கொள்ள முடியாமல், நிறுவனம் அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்ட நேரிடும். அதனால் நீங்கள் அந்தச் சப்ளையரின் பணத்தை நிறுத்திவைக்கிறீர்கள். சப்ளையர் கொள்முதல் அதிகாரியைத் தொலைபேசியில் திட்டுகிறார். அவர் உங்கள் மேசைக்கு வந்து கத்துகிறார்.

கத்துபவருக்கு 2பி பற்றிப் பெரும்பாலும் தெரியாது. 'கணக்குப் பிரிவு வேண்டுமென்றே இழுத்தடிக்கிறது' என்று அவர் மனதார நம்புகிறார். உங்களுக்கோ உற்பத்திக் கூடத்தில் ஒரு நாள் இயந்திரம் நின்றால் அவருக்கு என்ன நேரும் என்று தெரியாது. இதைச் சரிசெய்ய நட்பும் வேண்டாம், சண்டையும் வேண்டாம், மூன்று சிறிய நடைமுறைகள் போதும்.

முதலில், பில் உங்கள் பிரிவுக்கு வந்த நாளை அதன்மேல் முத்திரையாகக் குத்துங்கள். மின்னஞ்சலில் வந்தால் வந்த தேதியை எக்செல்லில் ஒரு பத்தியில் பதியுங்கள். பில்லின் தேதிக்கும் உங்களுக்கு வந்த தேதிக்கும் இடையே இருபது நாள் இருந்தால், அதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. அடுத்து, வாரம் ஒருமுறை நிலுவைப் பட்டியல் ஒன்றைக் கொள்முதல் பிரிவுக்கு அனுப்புங்கள். எந்தப் பில், எப்போது வந்தது, ஏன் நிற்கிறது என்பது மட்டும் அதில் இருக்கட்டும். பொருள் பெற்றதற்கான சீட்டு இல்லை, விலை ஆர்டரோடு பொருந்தவில்லை, 2பியில் வரவில்லை என்று ஒரு வரிக் காரணம் போதும், குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம். மூன்றாவதுதான் பலரும் செய்யத் தவறுவது. 11ஆம் தேதி கெடு நெருங்கும்போது, போன மாதம் தாக்கல் செய்யத் தவறிய சப்ளையர்களின் பட்டியலோடு நீங்களே கொள்முதல் அதிகாரியின் மேசைக்குப் போங்கள். "இந்த நான்கு பேரையும் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். செய்துவிட்டால் பணத்தை நான் நிறுத்த வேண்டியிருக்காது" என்று சொல்லுங்கள். அவர் ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துவிடுவார். சப்ளையரிடம் அவருக்கு இருக்கும் செல்வாக்கு உங்களுக்குக் கிடையாது.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால், பணத்தைக் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்த கட்டுப்பாடு இது. ஆக, சிறு சப்ளையரின் பில் விரைவாக வந்து சேர்வதில் அவரைவிட உங்களுக்குத்தான் அவசரம் அதிகம். இந்தச் செய்தி அவர் காதில் விழுந்தாலே பாதிக் கசப்பு குறையும்.

இந்த நடைமுறையை உங்கள் பெயரில் அறிவிக்காதீர்கள். மேலாளரிடம் வரைவாகக் கொடுத்து, அவரும் கொள்முதல் தலைவரும் சேர்ந்து அனுப்பும் ஒரு பக்கக் குறிப்பாக வரச் செய்யுங்கள். பெயர் மறுபடியும் அவருக்குத்தானே போகிறது என்று தோன்றும். இந்த முறை அதை நீங்களே தெரிந்து கொடுக்கிறீர்கள். அவருடைய கையெழுத்து இருந்தால்தான் அடுத்த மாதம் பழி வரும்போது அவர் உங்கள் பக்கம் நிற்பார்.

இனி மேலாளர். இதில் நான் உங்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். இயக்குநர்கள் கூட்டத்தில் அறிக்கையை வைப்பது அவருடைய வேலை. பிரிவின் உழைப்பு பிரிவுத் தலைவர் வழியாக மேலே போவது எல்லா நிறுவனங்களிலும் உள்ள வழக்கம். அதை மட்டும் வைத்து அவர் உங்கள் உழைப்பைத் திருடுகிறார் என்று சொல்லிவிட முடியாது. அறிக்கையில் ஒரு பிழை வெளிப்படும்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். "என் பிரிவில் நேர்ந்த பிழை, சரிசெய்கிறோம்" என்று அவர் சொன்னால், பாராட்டைத் தன் தலையில் வாங்குவதுபோல அடியையும் தானே வாங்குகிறார் என்று பொருள். அப்படிப்பட்டவரோடு வேலை செய்யலாம். பாராட்டின்போது "நான்" என்றும் பிழையின்போது உங்கள் பெயரையும் சொல்பவராக இருந்தால் கதை வேறு. அவரிடமிருந்து உங்களைக் காத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன், ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், ஊழியர்கள் காண முடியாத அறை அது. பிரிவுத் தலைவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ஊழியரின் பெயரும் வரும்போது அவருடைய மேலாளருக்குப் பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு எது வருகிறதோ அதுதான் உங்கள் ஓராண்டு. "நல்ல பெண், நன்றாக உழைக்கிறாள்" என்பது அந்த அறையில் எடுபடாது, எல்லாரைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள். "பொருள் இருப்புக் கணக்கில் இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது இவர், மாதக் கணக்கு முடிப்பைப் பத்தாம் தேதியிலிருந்து ஆறாம் தேதிக்குக் கொண்டுவந்தது இவர்" என்பது எடுபடும். நல்லெண்ணம் உள்ள மேலாளர்களே அந்த நேரத்தில் எண்ணும் தேதியும் நினைவில்லாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் வாயில் வர வேண்டிய வாக்கியத்தை ஆண்டு முழுவதும் நீங்கள்தான் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. மாத முடிவு அறிக்கையை வெறும் இணைப்பாக அனுப்பாதீர்கள். அதோடு நான்கு வரிகள் எழுதுங்கள்: இந்த மாதம் எது மாறியது, நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள், எதைச் சரிசெய்தீர்கள், எதற்கு அவர் முடிவு வேண்டும். அவர் வாய்மொழியாக ஒரு வேலை சொன்னால், முடித்தபின் "காலையில் நீங்கள் சொன்னபடி இன்னாருக்கான ஒதுக்கீட்டை மாற்றியிருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். இதில் அவமரியாதை எதுவும் இல்லை, நல்ல ஊழியரின் பழக்கம் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். ஆண்டு முடிவில் பன்னிரண்டு மின்னஞ்சல்கள் இருக்கும். சுய மதிப்பீட்டுப் படிவத்தை நினைவிலிருந்து எழுதாமல் அவற்றைப் பார்த்து எழுதுவீர்கள்.

நேரிலும் கேளுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள், அவர் தனியாக இருக்கும்போது, "சார், நாளைக்குப் பொருள் இருப்புப் பகுதியை நான் விளக்கட்டுமா? கேள்வி வந்தால் உடனே விவரம் சொல்ல முடியும்" என்று கேட்டுப் பாருங்கள். "என் வேலைக்கு நீங்கள் பெயர் வாங்குகிறீர்கள்" என்று கேட்டால் மறுப்பு மட்டுமே கிடைக்கும். முதலில் சொன்ன கேள்விக்கு அவர் சம்மதிக்கலாம். தட்டிக்கழித்தால் இரண்டு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். மூன்றாம் முறையும் கதவு திறக்காவிட்டால், அது உங்களுக்குத் தேவையான ஒரு தகவல், எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தணிக்கையாளர்கள் வரும்போது அவர்களின் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பது நீங்கள்தானே? மேலாளரின் அனுமதியோடு அந்தப் பதில்கள் உங்கள் பெயரிலேயே போகட்டும். எந்த நிறுவனத்தில் கணக்கை உண்மையில் அறிந்தவர் யார் என்பது தணிக்கையாளருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவர் இயக்குநரிடம் இயல்பாகச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு நீங்கள் பத்து முறை முறையிடுவதைவிட மதிப்பு அதிகம். வேறு வேலை தேடும்போதும் அந்த அறிமுகம் உதவும்.

மேலாளரைத் தாண்டி இயக்குநருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நிர்வாகம் ஏறத்தாழ எப்போதும் மேலாளரின் பக்கம்தான் சாயும். அது நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பு அதுதான். அந்த அம்பைச் சட்ட மீறல் ஒன்று நடக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மேசைக்காரர் விஷயத்தில் அவர் மனதைவிட உங்கள் நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையைப் பாருங்கள். ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த மதிப்பெண், இத்தனை பேர் கீழே இருந்தே ஆக வேண்டும் என்று வகுக்கும் முறை பல இடங்களில் இருக்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் காலத்தில் மேலே 20, நடுவில் 70, கீழே 10 சதவீதம் என்று வகுத்தார்கள். அது உலகமெங்கும் பரவியது. மைக்ரோசாஃப்ட் அத்தகைய முறையை வைத்திருந்து 2013 நவம்பரில் கைவிட்டது. கூட்டு உழைப்புக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். பக்கத்தில் இருப்பவர் ஒரு படி இறங்கினால்தான் தான் ஒரு படி ஏற முடியும் என்ற இடத்தில் நல்ல மனிதர்களும் கோள் சொல்லத் தொடங்குவார்கள். அதற்காக அவரை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவர் உங்களை வெறுக்கிறார் என்று இரவெல்லாம் புரண்டு படுப்பதற்கான காரணம் குறைகிறது, அவ்வளவுதான்.

கோள் சொல்ல அவருக்குச் செய்தி கொடுப்பதை நிறுத்துங்கள். மேலாளரைப் பற்றிய அலுப்பை அலுவலகத்துக்குள் யாரிடமும் கொட்டாதீர்கள், தேநீர்க் கடையிலும் வேண்டாம், அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கண்டிப்பாக வேண்டாம். அங்கே எழுதிய வரி படமாக எடுக்கப்பட்டு மனிதவளப் பிரிவின் மேசைக்கு வந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். மனதைக் கொட்ட ஒருவர் தேவைதான். அவர் அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவராக இருக்கட்டும். பக்கத்து மேசைக்காரரோடு பேச்சை முறித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒருமுறை மட்டும், பிறர் இல்லாதபோது, கோபமில்லாமல், "நான் சொன்னதாக இந்தச் செய்தி மேலாளரிடம் போயிருக்கிறது. என் வேலையில் குறை தெரிந்தால் முதலில் என்னிடமே சொல்லிவிடுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யார் சொன்னது என்று விசாரிக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தால் போதும்.

எழுத வருத்தமாக இருக்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நம் ஊர் நிறுவனங்களில் பலவற்றில் மேலே போகும் ஏணி உறவு, சொந்த ஊர், சாதி என்ற கட்டைகளால் ஆனது. முதலாளியின் மைத்துனர்தான் நிதித் தலைவர், அவருக்குப் பின் அவர் ஊர்க்காரர்தான் வருவார் என்ற இடமாக உங்கள் நிறுவனம் இருந்தால், மேலே நான் சொன்ன எந்த மின்னஞ்சலும் அந்த ஏணியில் உங்களுக்கு ஒரு படியைக் கூடுதலாக்காது. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் யார் யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று அமைதியாக எண்ணிப் பாருங்கள், விடை வந்துவிடும். அப்போது உங்கள் திறமையைச் சந்தேகிக்காமல், கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டு புறப்படத் தயாராகுங்கள்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகக் கவலை தந்தது அந்த வரிதான். லண்டனில் 1985இல் தொடங்கி, அரசு ஊழியர்கள் 10,308 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், தம் வேலையை எப்படிச் செய்வது என்று தாமே தீர்மானிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது தெரிந்தது. உடலைத் தின்பது வேலையின் அளவு மட்டும் இல்லை. எதுவும் தன் கையில் இல்லை என்ற நிலையும் தின்கிறது. ஆகவே சிறியதாக இருந்தாலும் சிலவற்றை உங்கள் கைக்குள் கொண்டுவாருங்கள். கெடு நெருங்காத நாள்களில் வீடு திரும்பும் நேரத்தை நிலையாக வையுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வரும் செய்திக்கு மறுநாள் காலையில் பதில் அனுப்புங்கள். மாதத்தில் 21ஆம் தேதிக்குப் பின் வரும் வாரத்தில் விடுப்பு எடுங்கள். அந்த வாரம் உங்கள் பிரிவுக்கு மூச்சுவிடும் வாரம், கேட்டால் கிடைக்கும். இதற்கும் தூக்கம் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். யாரிடமாவது உடனே பேச வேண்டும்போல இருந்தால் ஒன்றிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

சில விஷயங்கள் அலுவலக அரசியல் என்ற வகையிலேயே சேராது, அவற்றில் பொறுமைக்கு இடமில்லை. போலி பில்லைப் பதியச் சொன்னாலோ, முன் தேதியிட்ட ஆவணத்தில் கையெழுத்துக் கேட்டாலோ மறுத்துவிடுங்கள், எழுத்தில் உத்தரவு தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் உத்தரவு வராது. பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேருக்குக் குறையாத எந்த நிறுவனத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழுவே இல்லாத சிறிய இடம் என்றாலோ, புகார் முதலாளியின் மீதே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

எது நடந்தாலும் நாள், நேரம், சொன்ன சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை வீட்டில் உள்ள நோட்டில் கையால் எழுதி வையுங்கள். நிறுவனத்தின் கோப்புகளையோ மின்னஞ்சல்களையோ உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிச் சேர்த்துவைக்காதீர்கள். ரகசியக் காப்பு விதியை மீறினார் என்று அதையே உங்கள்மேல் திருப்பிவிடுவார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐந்து ஆண்டு முடிய உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. பணிக்கொடை (கிராஜுவிட்டி) பொதுவாக ஐந்து ஆண்டு முடித்தவருக்கே கிடைக்கும். அது, கடைசி மாதச் சம்பளத்தில் இதற்குக் கணக்கில் வரும் தொகையை (முதன்மையாக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கினால் வருவது. அந்தத் தொகை 30,000 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 86,500 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதைக் காட்டி வாதாடிக்கொண்டிருக்காமல் ஐந்தை முழுதாக முடிப்பதே மேல். பிஎஃப் பணத்தை ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வருமான வரி உண்டு. ஆகையால் வேலை மாறினாலும் அதை எடுக்காமல் அதே யுஏஎன் எண்ணில் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள்.

இந்த ஆறு மாதத்தை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துங்கள். முதல் மூன்று மாதம், அதாவது மூன்று மாத முடிவுகள், மேலே சொன்ன நடைமுறைகளைச் செய்து பாருங்கள். கொள்முதல் பிரிவின் கூச்சல் குறைந்து, மேலாளர் ஒரு கூட்டத்திலாவது உங்களைப் பேச விட்டால், அந்த இடத்தில் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் எதிர்காலம் இருக்கிறது. எதுவும் அசையாவிட்டால் நான்காம் மாதத்திலிருந்து வேலை தேடுங்கள். வேலையில் இருந்துகொண்டே தேடுபவருக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. இப்போதுள்ள மேலாளரைப் பற்றி நேர்காணலில் ஒரு குறையும் சொல்லாதீர்கள், "பெரிய பொறுப்பைத் தேடுகிறேன்" என்பது போதும். புதிய நியமனக் கடிதம் கையில் வந்து, அதில் சம்பளமும் சேரும் தேதியும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே ராஜினாமா கடிதம். அதில் நன்றியும் கடைசி நாளும் மட்டும் இருக்கட்டும், இப்போது எழுதி வைத்திருப்பதைக் கிழித்துவிடுங்கள். அறிவிப்புக் காலம் முழுவதும் வேலை செய்து, ஒப்படைத்த கோப்புகளின் பட்டியலில் மேலாளரின் கையெழுத்து வாங்கி, பணி விடுவிப்புக் கடிதமும் கடைசிக் கணக்குத் தீர்வு எந்தத் தேதியில் வரும் என்பதும் எழுத்தில் கிடைத்த பிறகு வெளியே வாருங்கள்.